ஹோல்டன் ஏன் எல்லோரையும் திட்டுகிறான்? நீங்களே படித்துக் கண்டுபிடிக்க ஒரு வழி

'தி கேட்சர் இன் தி ரை' நாவலைப் பாதியில் மூடி வைத்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே புகார்தான் வரும்: கதை சொல்லும் இந்தப் பையன் ஹோல்டன் யாரைத்தான் விட்டு வைத்தான்? வாத்தியார் கிழம், பக்கத்து அறைக்காரன் பல்லே விளக்காதவன், ரூம்மேட் வெளியே மினுக்கு உள்ளே அழுக்கு, அண்ணன் சினிமாவுக்கு விலைபோனவன், டாக்ஸி டிரைவர் சிடுமூஞ்சி, நாடகம் பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் போலி. பக்கத்துக்கு இரண்டு பேர் வீதம் திட்டு வாங்கிக்கொண்டே இருப்பார்கள்.

எனக்கும் பத்தொன்பது வயதில் இதேதான். எண்பது பக்கம் தாண்டவில்லை. அப்பா பெரிய கம்பெனி வக்கீல், பையில் செலவுக்குப் பணம், நியூயார்க்கில் வீடு, இவனுக்கு என்ன வந்ததாம் என்று மூடிவிட்டேன். (அதுவும் ஒரு கடுமையான தீர்ப்புதான் என்பது அப்போது உறைக்கவில்லை.)

திரும்ப எடுத்தது என் சித்தி மகளால். பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். "அக்கா, ஹோல்டன் ஏன் மற்றவர்களைக் கடுமையாக எடைபோடுகிறான்னு பத்து மார்க் கேள்வி, எனக்கு மூணு வரிக்கு மேல ஓடவே மாட்டேங்குது" என்று நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். அவள் எழுதியிருந்த மூன்று வரி இது: அவன் விடலைப் பருவத்தில் இருக்கிறான், தம்பி செத்த துக்கம், அதனால் உலகத்தின் மேல் கோபம். தப்பில்லை. ஆனால் இதை நாவலைப் படிக்காமலே எழுதிவிடலாம், அதுதான் சிக்கல். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த மாதிரி சிடுசிடுக்கும் விடலைக் கதைசொல்லி வரும் எந்த நாவலுக்கும் இது ஓரளவு உதவும், ஆனால் ஹோல்டனை வைத்துப் பழகினால் சீக்கிரம் பிடிபடும்.

முதலில் ஒரு சின்ன விஷயத்தைச் சரி செய்துகொள்ளுங்கள். நாவல் வந்தது 1951இல், எழுதியவர் ஜே.டி. சாலிஞ்சர். கதை நடக்கும்போது ஹோல்டனுக்கு 16 வயது, நமக்குச் சொல்லும்போது 17. நடப்பது டிசம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமை வரை, பென்சில்வேனியாவில் அவனை வெளியே அனுப்பிவிட்ட பென்சி பள்ளியில் ஆரம்பித்து நியூயார்க் தெருக்களில் முடிகிறது. சொல்வது அடுத்த வருஷம், கலிஃபோர்னியா பக்கம் ஏதோ ஓர் இடத்தில் உடம்பையும் மனதையும் தேற்றிக்கொண்டு இருந்தபடி. திட்டு வாங்குகிறவர்கள் யாரும் இப்போது அவன் பக்கத்தில் இல்லை. இதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

இப்போது ஒரு நோட்டை விரித்து வையுங்கள். இடப்பக்கம் அவன் ஒருவரைப் பற்றி என்ன சொல்கிறான் என்று எழுதுங்கள். வலப்பக்கம் அதே ஆளிடம் அவன் என்ன செய்தான் என்று எழுதுங்கள். அவ்வளவுதான். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் எழுதும் பதில் எல்லாம் காற்றில் எழுதுவது.

ஸ்பென்சர் வாத்தியாரை எடுத்துக்கொள்வோம், வரலாறு நடத்துபவர், ஹோல்டனைப் பெயிலாக்கியவர். இடப்பக்கம் மளமளவென்று நிறையும்: காய்ச்சலோடு பழைய மேலங்கியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அறை முழுக்க மருந்து வாடை, அந்த நெஞ்சையும் காலையும் பார்க்கவே மனசு சுருங்குகிறது, தலையாட்டி ஆட்டி அறுக்கிறார். வலப்பக்கத்துக்கு வாருங்கள். கிளம்பும் முன் வந்து பார்த்துவிட்டுப் போ என்று அவர் சீட்டு அனுப்பினார் என்பதற்காக அந்தக் குளிரில் ஓடிப் போயிருக்கிறான். அவர் மடியிலிருந்த பத்திரிகையைக் கட்டிலில் எறியப் பார்த்துக் குறி தவறவிட, எழுந்து போய் எடுத்து வைத்தவன் இவன். எல்லாவற்றுக்கும் மேல் அந்த விடைத்தாள். பழைய எகிப்தைப் பற்றிக் கேள்வி, இவனுக்கு ஒன்றும் தெரியாது, நாலு வரி கிறுக்கிவிட்டு அடியில் வாத்தியாருக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கிறான்: நீங்கள் என்னைப் பெயிலாக்கினாலும் பரவாயில்லை என்று. பெயிலாகப் போகும் பையன், பெயிலாக்கப் போகிறவர் மனசு சங்கடப்படக் கூடாது என்று எழுதிய வரி அது. அதை அவர் அவன் எதிரிலேயே சத்தமாகப் படித்துக் காட்டுகிறார். அதற்குப் பிறகு அவன் அவரைப் பற்றி நினைப்பது எல்லாம் கசப்பாகத்தான் இருக்கும், இல்லையா?

சித்தி மகள் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப அவன் கெட்டவன் இல்லையா?" என்றாள். நல்லவனா கெட்டவனா என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கி வை, இரண்டு பக்கமும் ஏன் ஒட்டவில்லை என்று மட்டும் பார் என்றேன்.

இன்னொரு காட்சி, எனக்குப் பிடித்தது. ராத்திரி ரயிலில் நியூயார்க் போகும்போது பக்கத்தில் ஒரு பெண்மணி வந்து உட்காருகிறார், பேச்சுக் கொடுத்தால் இவன் கூடப் படிக்கும் எர்னஸ்ட் மோரோவின் அம்மா. எர்னஸ்ட் யார் தெரியுமா, குளித்துவிட்டு வரும்போது நடையில் போகிற பையன்களை ஈரத் துண்டால் சுளீரென்று பின்பக்கத்தில் அடிப்பவன், பள்ளியிலேயே அவனைப் போல ஒரு பொறுக்கி இல்லை என்று நம்மிடம் சொல்லிவிட்டுத்தான் இவன் வாயைத் திறக்கிறான். திறந்து என்ன சொல்கிறான்? உங்கள் பையன் ரொம்பக் கூச்ச சுபாவம், வகுப்புத் தலைவனாக நிற்கச் சொல்லி எல்லோரும் கேட்டோம், அடக்கத்தால் மறுத்துவிட்டான் என்கிறான். தன் பெயரைக்கூட ருடால்ஃப் ஷ்மிட் என்று மாற்றிச் சொல்கிறான், அது அவர்கள் விடுதியைக் கூட்டிப் பெருக்கும் ஆளின் பெயர். விடுமுறைக்கு முன்னாலேயே ஏன் கிளம்பிவிட்டாய் என்று அந்த அம்மா கேட்க, மூளையில் கட்டி, ஆபரேஷன் என்று ஒரு போடு போடுகிறான். ஒரு தாய்க்குத் தன் மகனைப் பற்றி என்ன கேட்டால் மனசு குளிரும் என்று இவனுக்குத் தெரிகிறது, அதைக் கொடுத்துவிடுகிறான். ஊரையெல்லாம் போலி என்பவன், அந்த ரயிலில் இருந்ததிலேயே பெரிய புளுகன். தான் பெரிய பொய்யன் என்று அவனே ஒத்துக்கொள்ளவும் செய்கிறான், அது வேறு.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு ஆளுக்கு எழுதிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். அவனுடைய கடுமை முக்கால்வாசி நம் காதில் மட்டும்தான் விழுகிறது. எதிரில் இருக்கிறவர்களிடம் அவன் பணிவாகத்தான் பேசுகிறான், பிடிக்காதவரிடம்கூட உங்களைச் சந்தித்ததில் சந்தோஷம் என்று சொல்லி வைக்கிறான், உயிரோடு இருக்க வேண்டுமென்றால் இதையெல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அதற்கு ஒரு விளக்கமும் தருகிறான். மனசுக்குள் பேசாமல் அடக்கியதெல்லாம் சில மாதம் கழித்து நம்மிடம் வந்து கொட்டுகிறது. முகத்துக்கு நேராக அவன் வெடிக்கிற இடங்கள் கொஞ்சம்தான், அவற்றைத் தனியாகக் குறித்து வையுங்கள். ரூம்மேட் ஸ்ட்ராட்லேட்டரிடம் ஒன்று, அது ஹோல்டனுக்குப் பிடித்த ஜேன் காலகர் என்ற பெண்ணோடு அந்த ரூம்மேட் வெளியே போய்விட்டு வந்த ராத்திரி. அவனோடு நாடகம் பார்க்க வந்த தோழி சாலி ஹேய்ஸிடம் இன்னொன்று, அது எல்லாவற்றையும் விட்டுவிட்டு என்னோடு வெர்மான்ட் பக்கம் ஓடி வந்துவிடு என்று கெஞ்சி அவள் மறுத்த சில நிமிஷத்தில். அந்த இரண்டு நேரத்திலும் அவன் கையில் பிடிக்க எதுவுமே மிச்சமில்லை.

அடுத்து அந்தச் சொல். ஆங்கிலத்தில் அவன் வாயில் ஓயாமல் வருவது 'ஃபோனி'. அகராதியைப் பார்த்தால் போலி என்று இருக்கும், போதாது. கள்ள நோட்டும் போலிதான், ஆனால் ஹோல்டன் அதைச் சொல்லவில்லை. நம்ம பையன்கள் சொல்வார்களே, "சும்மா சீன் போடுறான்" என்று, அதுதான் ரொம்ப நெருக்கம். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்து ஒன்றைச் செய்வது. எர்னி என்ற பியானோக்காரரை அவன் திட்டுவதைப் பாருங்கள்: வாசிப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நன்றாக வாசிக்கிறோம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது, அதுதான் குற்றம். தான் பியானோ வாசிப்பவனாக இருந்தால் அலமாரிக்குள் உட்கார்ந்து வாசிப்பேன் என்கிறான். 'போலி' என்று மொழிபெயர்த்து வைத்துக்கொண்டால் இந்த இடம் புரியாது, 'சீன்' என்று படித்தால் சட்டென்று புரியும். எந்த நாவலாக இருந்தாலும் அந்தக் கதைசொல்லி திரும்பத் திரும்பச் சொல்லும் வசவு எது என்று பிடியுங்கள், அதற்கு உங்கள் வாயில் என்ன சொல் வரும் என்று யோசியுங்கள். பாதி வேலை முடிந்தது.

சரி, இப்போது இடப்பக்கத்தைப் பிரிக்க வேண்டும். எல்லாத் திட்டும் ஒரே வகை இல்லை. இங்கேதான் நிறையப் பேர் அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள்.

சில திட்டுகள் நியாயமானவை. இதைத் தைரியமாக எழுதுங்கள், மார்க் போகாது. பென்சியில் சனிக்கிழமை ராத்திரி தவறாமல் மாட்டிறைச்சி ஸ்டேக் போடுவார்கள், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் பிள்ளை ஸ்டேக் என்று சொல்லும். விடுதிச் சாப்பாடு சாப்பிட்ட யாருக்காவது இதில் சந்தேகம் இருக்கிறதா? அவன் முன்பு படித்த எல்க்டன் ஹில்ஸ் பள்ளியின் தலைமை ஆசிரியர் ஹாஸ், பளபளப்பாக இல்லாத பெற்றோர் வந்தால் கை கொடுத்து ஒரு சிரிப்போடு நகர்ந்துவிட்டு, வசதியானவர்களோடு அரைமணி நேரம் பேசுவார். அடக்கச் செலவைக் குறைத்துக் காசு பார்த்த ஆசன்பர்கர் என்ற பழைய மாணவர், விடுதிக் கட்டடத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்து பையன்களிடம் தான் கார் ஓட்டும்போதுகூட இயேசுவோடு பேசுவேன் என்று உபதேசம் செய்கிறார். இன்னும் நாலு பிணம் அனுப்பு என்றுதான் கேட்பார் என்கிறான் ஹோல்டன். கடுமைதான், ஆனால் குறி தப்பவில்லை.

சில திட்டுகளுக்கு அடியில் வேறொன்று இருக்கிறது. செத்துப்போன தம்பி ஆலியின் கல்லறைக்குப் போனதைப் பற்றி அவன் சொல்வதைப் படியுங்கள். மழை பிடித்துக்கொண்டது, கல்லறை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஓடிப் போய்க் காரில் ஏறிக்கொண்டார்கள், ரேடியோவைப் போட்டுக்கொண்டு எங்காவது நல்ல இடமாகப் பார்த்துச் சாப்பிடப் போவார்கள், ஆலி ஒருவனைத் தவிர. மழைக்கு ஒதுங்கிய மனிதர்கள் செய்த பாவம் என்ன? ஒன்றுமில்லை. அவர்கள் சாப்பிடப் போனார்கள், அவ்வளவுதான். இந்தத் திட்டை நியாயமானவற்றோடு சேர்த்து எழுதினால் ஹோல்டன் மனிதர்களை வெறுக்கிறான் என்ற முடிவுக்குத்தான் வருவீர்கள்.

ஆலி இறந்தது 1946 ஜூலை 18. தேதியை ஹோல்டனே சொல்கிறான். எதையும் சுமார், ஏறக்குறைய, ஏதோ ஒன்று என்று இழுத்துப் பேசும் பையன் இங்கே மட்டும் நாள் மாதம் வருஷத்தோடு பேசுகிறான், கவனியுங்கள். இரத்தப் புற்றுநோய், ஹோல்டனுக்கு அப்போது 13, ஆலி இரண்டு வயது சின்னவன். அன்று ராத்திரி கார் ஷெட்டில் இருந்த ஜன்னல் கண்ணாடியை எல்லாம் வெறும் கையால் உடைத்தான், கார் கண்ணாடியையும் உடைக்கப் பார்த்தான், அதற்குள் கை போய்விட்டது. மருத்துவமனையில் இருந்ததால் தம்பியின் அடக்கத்துக்கே அவனால் போக முடியவில்லை. இது புத்தகத்தில் ஓர் ஓரமாக, வேறு பேச்சுக்கு நடுவில் வந்து போகிறது. நான் முதல் தடவை கவனிக்கவே இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் ஆலி கணக்கில் எழுதிவிடாதீர்கள், அது அடுத்த சோம்பேறித்தனம். டிக் ஸ்லேகிள் என்ற பையனின் பெட்டிக் கதை இதற்கு நல்ல மருந்து. எல்க்டன் ஹில்ஸில் கொஞ்ச நாள் ஹோல்டனின் ரூம்மேட். அவனிடம் இருந்தவை மலிவான சூட்கேஸ்கள், வெட்கப்பட்டுக்கொண்டு பெட்டி வைக்கும் தட்டில் வைக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருப்பான். ஹோல்டனுடையவை விலை உயர்ந்த தோல் பெட்டிகள். அவன் சங்கடப்படுகிறான் என்று ஹோல்டனும் தன் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறான். அடுத்த நாள் பார்த்தால் ஸ்லேகிள் இவன் பெட்டிகளை வெளியே எடுத்து மறுபடி தட்டில் வைத்திருக்கிறான். ஏன் என்று ஹோல்டனுக்குப் பிறகுதான் புரிகிறது: அந்தப் பெட்டிகள் தன்னுடையவை என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று. அதே ஸ்லேகிள்தான் இவனிடம் இருக்கும் பொருளையெல்லாம் முதலாளித்தனம் என்று கிண்டல் அடித்தவன், இவன் பேனா உட்பட, அந்தப் பேனாவையும் அடிக்கடி வாங்கி எழுதிக்கொண்டுதான் இருந்தான். இரண்டே மாதம்தான் ஓடியது, இரண்டு பேரும் வேறு அறை கேட்டுப் போய்விட்டார்கள். போன பிறகு அவனை நினைத்து ஏங்கினேன், சிரிக்கச் சிரிக்கப் பேசுவான் என்கிறான் ஹோல்டன்.

இந்தப் பெட்டிக் கதையில் யார் சீன் போட்டது? ஸ்லேகிள்தான். ஆனால் ஹோல்டன் அவனைத் திட்டவில்லை. ஒரு பெட்டி மட்டமாக இருந்தால் அதன் சொந்தக்காரரையே பிடிக்காமல் போகிற அளவுக்குத் தனக்குள் ஒரு கோணல் இருக்கிறது என்று தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறான். தீர்ப்பு சொல்லும் விரல் இங்கே திரும்பிவிடுகிறது. இது மட்டும் இல்லை, தன் கையுறையைத் திருடியவனைக் கண்டுபிடித்தாலும் தன்னால் அவனை அடிக்க முடியாது, தான் ஒரு கோழை என்று ஒரு நீளமான புலம்பல் வேறு உண்டு. மற்றவர்களை எடைபோடும் தராசில் அவன் தன்னையும் ஏற்றி வைத்திருக்கிறான். அந்த வரிகளுக்கு நோட்டில் ஒரு நட்சத்திரம் போடுங்கள்.

இன்னொரு விஷயம், இந்தப் பெட்டிக் கதை அவனுக்கு எப்போது ஞாபகம் வருகிறது என்று பாருங்கள். கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் காலைச் சாப்பாட்டின்போது இரண்டு கன்னியாஸ்திரிகள் மலிவான பெட்டிகளோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது. அதாவது திட்டோ புலம்பலோ வரும்போது ஒரு பக்கம் பின்னால் புரட்டி, எதைப் பார்த்து இது கிளம்பியது என்று தேட வேண்டும். நோட்டில் ஒவ்வொரு திட்டுக்கும் மேலே 'இதற்குச் சற்று முன்' என்று ஒரு வரி சேருங்கள். ஸ்ட்ராட்லேட்டரை அவன் அடிக்கப் பாய்வதற்குச் சற்று முன் நடந்தது என்ன? ஹோல்டன் அவனுக்காக எழுதிக் கொடுத்த கட்டுரையை, ஸ்ட்ராட்லேட்டர் இது என்ன ஒரு பேஸ்பால் கையுறையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறாய் என்று குறை சொன்னான். ஆலியின் இடது கைக் கையுறை அது, பந்து வராத நேரத்தில் படிப்பதற்காக அதன் மேல் பச்சை மையால் கவிதைகளை எழுதி வைத்திருந்தான் அந்தப் பிள்ளை. ஹோல்டன் கட்டுரையை வாங்கிக் கிழித்துப் போட்டான். அதற்கு மேல் ஜேன் கதை. மூக்குடைந்து ரத்தம் வடிந்து, அன்று ராத்திரியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது நடையில் நின்று முட்டாள்களே நன்றாகத் தூங்குங்கள் என்று கத்துகிறான். ஒரு மாடி முழுக்கத் தூங்குகிற பையன்கள் மேல் மொத்தமாக எறிந்த தீர்ப்பு. கத்தும்போது தான் அழுதுகொண்டிருந்தேன், ஏன் என்று தெரியவில்லை என்று சேர்த்துச் சொல்கிறான். முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டி எழுதுகிறவர்கள் ஏராளம்.

திட்டு வாங்காதவர்கள் பட்டியலும் போடுங்கள், சின்னதாகத்தான் இருக்கும். தங்கை ஃபீபி. செத்துப்போன ஆலி. அந்தக் கன்னியாஸ்திரிகள், அவர்களுக்கு 10 டாலர் கொடுத்துவிட்டு இன்னும் கொடுத்திருக்கலாமே என்று வருந்துகிறான். தெருவோரம் யாரையும் பார்க்காமல் பாடிக்கொண்டே போகும் ஒரு சின்னப் பையன். அப்புறம் ரேடியோ சிட்டி இசை அரங்கில் பெரிய அண்டா மாதிரி முரசு வாசிக்கும் ஒருவர். நிகழ்ச்சி முழுவதிலும் அவருக்கு ஓரிரு தடவைதான் வேலை, ஆனால் சும்மா இருக்கும்போதும் சலித்துக்கொள்ள மாட்டார், அடிக்க வேண்டிய நேரம் வந்தால் முகத்தில் ஒரு பதற்றத்தோடு அவ்வளவு பதமாக அடிப்பார். ஆலியும் இவனும் அவரைப் பார்ப்பதற்கென்றே இடம் மாறி உட்காருவார்களாம். எர்னியையும் இந்த முரசுக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஹோல்டனின் அளவுகோல் உங்கள் கைக்கு வந்துவிடும்.

பட்டியலில் ஜேம்ஸ் காஸில் பெயரையும் சேர்க்க மறக்காதீர்கள். எல்க்டன் ஹில்ஸில் படித்த ஒல்லிப் பையன், தலைக்கனம் பிடித்த ஒருவனைத் தலைக்கனம் பிடித்தவன் என்று சொன்னான், அது அவன் காதுக்குப் போய், ஆறேழு பேராக அறைக்குள் வந்து கதவைப் பூட்டிக்கொண்டு சொன்னதைத் திரும்ப வாங்கு என்று வதைத்தார்கள். அவன் வாங்கவில்லை. ஜன்னல் வழியே குதித்துச் செத்துப்போனான். உடம்பில் இருந்தது ஹோல்டனிடம் இரவல் வாங்கிய கம்பளிச் சட்டை. இந்த நாவலில் ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிட்டு அதில் உறுதியாக நின்றவன் அவன் ஒருவன்தான், அவனுக்கு நடந்தது இது. ஹோல்டன் ஏன் எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே திட்டுகிறான், ஏன் பிறர் எதிரில் சிரித்து வைக்கிறான் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் நாவலுக்குள் பார்க்கவில்லை. ஃபீபி அவனைப் பார்த்து உனக்கு எதுவுமே பிடிக்கவில்லை, பிடித்த ஒன்றைச் சொல் பார்ப்போம் என்று மடக்கும்போது அவன் மனசில் வந்து நிற்கிறவர்களும் அந்தக் கன்னியாஸ்திரிகளும் ஜேம்ஸ் காஸிலும்தான். வாய்விட்டுச் சொல்வது ஆலியின் பெயர். ஆலி செத்துவிட்டான் என்கிறாள் அவள். பத்து வயதுக் குழந்தை.

தவிர்க்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு இன்ன மனநோய் என்று பெயர் வைக்காதீர்கள், நாம் டாக்டர் இல்லை, அவனும் நோயாளிச் சீட்டோடு வரவில்லை. சாலிஞ்சர் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் கரையிறங்கிய படையில் இருந்தவர் என்பது உண்மை, ஆனால் போரில் பார்த்ததுதான் ஹோல்டனின் கோபம் என்று ஒரே தாவாகத் தாவினால் நாவல் கீழே விழுந்துவிடும், ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். 'நம்பகமற்ற கதைசொல்லி' என்ற முத்திரையை மட்டும் குத்திவிட்டு ஓடுவதும் வேண்டாம். எந்த இடத்தில் நம்பலாம், எந்த இடத்தில் நம்பக் கூடாது என்று காட்டினால்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். அப்புறம் முக்கியமாக, அவன் தீர்ப்பை அவனே மாற்றிக்கொள்ளும் இடங்கள். முன்பு தனக்குப் பாடம் நடத்திய ஆன்டோலினி வாத்தியார் வீட்டில் தூங்கும்போது அவர் இவன் தலையைத் தடவுகிறார் என்று பயந்து நடுராத்திரியில் ஓடிவிடுகிறான், பிறகு ரயில் நிலைய பெஞ்சில் படுத்துக்கொண்டு ஒருவேளை நான்தான் தப்பாக நினைத்துவிட்டேனோ, திரும்பிப் போயிருக்க வேண்டுமோ என்று குழம்புகிறான். ஜேம்ஸ் காஸிலைத் தன் கோட்டால் மூடித் தூக்கிப் போனவரும் இதே ஆன்டோலினிதான். கடுமையாக எடைபோடுகிறவன் என்று நாம் முடிவு கட்டிய பையன், தன் தீர்ப்பைத் தானே விசாரிக்கிறான்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன, நடந்ததற்கும் சொல்வதற்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளிக்கு வருவோம். கடைசி அத்தியாயம் ஒரு பக்கம்கூட இருக்காது. கதையைச் சொல்லி முடித்த பிறகு, தான் சொன்ன எல்லோரையும் இப்போது தேடுகிறது என்கிறான். ஸ்ட்ராட்லேட்டரை, பல் விளக்காத ஆக்லியை, ஐந்து டாலருக்காகத் தன்னை வயிற்றில் குத்திய லிஃப்ட்காரன் மாரிஸைக்கூட. யாரிடமும் எதையும் சொல்லாதீர்கள், சொன்னால் எல்லோரையும் தேட ஆரம்பித்துவிடும் என்று முடிக்கிறான். பதில் எழுதும்போது இந்த வரியில் ஆரம்பியுங்கள், கடைசியில் கொண்டு போய் வைக்காதீர்கள். கடைசியில் வைத்தால் அலங்காரமாகிவிடும். முதலில் வைத்துவிட்டு, இப்படித் தேடுகிறவன் இருநூறு பக்கம் ஏன் திட்டினான் என்று கேட்டால் உங்கள் பத்து மார்க் பதில் தானாக நடக்கும். பிறகு ஒரு நியாயமான திட்டு, ஒரு துக்கத் திட்டு, தன்னையே திட்டிக்கொள்வது ஒன்று, மூன்றுக்கும் வலப்பக்கத்திலிருந்து சாட்சி. ஐந்தாறு காட்சியைத் தொட்டுத் தொட்டுப் போவதைவிட இரண்டை நின்று பார்ப்பது மேல். சித்தி மகள் பெட்டிக் கதையையும் ரயில் காட்சியையும் எடுத்துக்கொண்டாள்.

பழகிப் பார்க்க ஐந்தாம் அத்தியாயம் போதும். சின்னது, எல்லாம் அதில் இருக்கிறது: அந்த ஸ்டேக், பருவைக் கிள்ளிக்கொண்டு புளுகும் ஆக்லி, யாருக்கும் பிடிக்காத அவனையும் ஹோல்டன் வெளியே கூட்டிக்கொண்டு போவது, கடைசியில் ஆலியின் கையுறை. நடுவில் ஒரு பனி உருண்டை வருகிறது. ஜன்னலைத் திறந்து கையால் பனியை அள்ளி உருட்டுகிறான். எதிரே நிற்கும் கார் மேல் எறியப் போகிறான், அது வெள்ளையாக அழகாக இருக்கிறது, எறியவில்லை. தெருவோரத் தண்ணீர்க் குழாய் மேல் எறியப் போகிறான், அதுவும் வெள்ளையாக அழகாக இருக்கிறது, எறியவில்லை. உருண்டையைக் கையில் வைத்து இறுக்கிக்கொண்டே பஸ் ஏறுகிறான், டிரைவர் வெளியே போடு என்கிறார், யார் மேலும் எறிய மாட்டேன் என்று சொல்லிப் பார்க்கிறான், அவர் நம்பவில்லை. மனிதர்கள் ஒருநாளும் நம்மை நம்ப மாட்டார்கள் என்று அங்கே ஒரு வரி. பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், அந்த வரியை நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?